அப்டேட் அறிவிப்பைக் கீழிருந்து படியுங்கள்

கிளவுட் தளங்களை நம்பிச் செயலி எழுதும் சின்ன நிறுவனத்து டெவலப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



நீங்கள் வேலை பார்க்கும் தளத்துக்கு அடிக்கடி அப்டேட் வருகிறது. வந்த அன்று ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழுவில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மேனேஜர் அறிவிப்பை ஃபார்வர்டு செய்துவிட்டு, "இது நமக்கு யூஸ் ஆகுமா?" என்று ஒரு வரி போடுவார். தலைப்பில் இருக்கும் புது வசதியை மட்டும் பார்த்துவிட்டு யாராவது, "செமையா இருக்கு, ட்ரை பண்ணலாம் சார்" என்பார்கள். இரண்டு கட்டைவிரல் விழும். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அதே அறிவிப்பின் கடைசியில், 'மற்ற மாற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ், எந்த நேர வரம்பு எவ்வளவு கூடியது, எந்தப் பழைய பதிப்பு எந்தத் தேதியோடு நிற்கிறது என்றெல்லாம் சின்னச் சின்ன வரிகள் கிடக்கும். அவற்றைப் படிக்க ஆளே இல்லை.

அந்தச் சின்ன வரிகளுக்காகத்தான் இந்த மடல். என் கட்சி இதுதான்: இருக்கும் ஒரு வரம்பைத் தளர்த்தும் மாற்றம் நிலைத்து நிற்கும், அந்தத் தளத்தில் மட்டுமே கிடைக்கும் பளபளப்பான புது வசதி பெரும்பாலும் நிற்காது. முன்னதைக் கொண்டாடுங்கள். பின்னதைத் தள்ளி நின்று கொஞ்சம் முறைத்துப் பாருங்கள். 

இதைச் சொல்ல கூகுள் ஆப் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். வேறு எதையும் எடுக்கலாம். ஆனால் இது 2008-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் தளம். ஒரு வசதி பிறந்ததையும் வளர்ந்ததையும் மூடப்பட்டதையும் முழுசாகப் பார்க்கும் அளவுக்கு வயதாகிவிட்டது. நேற்று வந்த தளங்களை வைத்து இப்படிப் பேச முடியாது.

2008 ஏப்ரல் 7 அன்று ஆப் எஞ்சின் முன்னோட்டமாகத் திறக்கப்பட்டபோது முதல் 10,000 பேருக்குத்தான் இடம். பைத்தான் ஒன்றுதான் மொழி. அந்த மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம் அப்போது கூகுளில்தான் இருந்தார்; ரீட்வெல்ட் என்ற கோட் ரிவ்யூ கருவியை இந்தத் தளத்தின் மேலேயே எழுதி ஓட்டிக் காட்டினார். 500 எம்பி சேமிப்பு, மாதத்துக்குச் சுமார் 50 லட்சம் பக்கப் பார்வை வரை காசு கிடையாது. சர்வர் வாங்க வேண்டாம், நடுராத்திரியில் எழுந்து பேட்ச் போட வேண்டாம். அதற்குப் பதிலாகத் தளம் நம் கையைக் கட்டியது. டிஸ்கில் எழுதக் கூடாது. சி மொழியில் எழுதிய லைப்ரரி ஓடாது. ஒரு ரிக்வெஸ்ட்டைச் சில நொடிக்குள் முடித்தாக வேண்டும். தளத்தின் தரவுக் கிடங்கான டேட்டாஸ்டோரிடம் எதைக் கேட்டாலும் 1000 வரிசைக்கு மேல் தராது.

அந்த 1000 என்ன பாடுபடுத்தியது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,240 பேர். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் 1000 என்று பதில் வரும். 1000-க்கு மேல் எண்ண மாட்டேன் என்பது தளத்தின் சட்டம். எல்லோருக்கும் அழைப்பு மெயில் அனுப்ப வேண்டுமா? சாவி வரிசையில் முதல் 1000 பேரை எடுத்து, கடைசி ஆளின் சாவியைக் குறித்துக்கொண்டு, அந்தச் சாவிக்கு அப்புறம் வருபவர்கள் யார் என்று மறுபடி கேட்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் தனியாக ஒரு கவுண்டர் வைத்து, ஆள் சேரச் சேர ஒன்று கூட்ட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: ஒரே பதிவில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவைதான் எழுத முடியும். கூட்டம் கூடினால் கவுண்டர் திணறும். ஆகவே அந்த ஒரு கவுண்டரை இருபது துண்டாக உடைத்து, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு துண்டில் கூட்டி, காட்டும்போது இருபதையும் சேர்த்துக் காட்டுவது. முகப்புப் பக்கத்தில் 'மொத்த உறுப்பினர்கள்' என்று ஓர் எண் தெரிவதற்கு இவ்வளவு கூத்து.

2010 பிப்ரவரியில் வந்த 1.3.1 பதிப்பு அந்த 1000 வரம்பைத் தூக்கிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தேடலைத் தொடர கர்சர் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. சாவியைக் குறித்துவைத்துச் சுற்றிச் சுற்றி வந்த கோட் முழுவதையும் அழித்துவிடலாம். கவனியுங்கள், வரம்பு போனதைப் பயன்படுத்த யாரும் ஒரு வரி புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இருந்த வரிகள் குறைந்தன. இதைவிட நல்ல அப்டேட்டை நான் பார்த்ததில்லை.

இப்போது அதே ஆண்டு டிசம்பரில் வந்த 1.4.0-க்கு வாருங்கள். என் கட்சிக்கு முக்கிய சாட்சி இதுதான். அந்தப் பதிப்பில் பெரிதாகப் பேசப்பட்டது சேனல் ஏபிஐ. அதுவரை பிரவுசர் கேட்டால்தான் சர்வர் பதில் சொல்லும். சேனல் வந்ததும் சர்வரே தன் பங்குக்குப் பிரவுசரைக் கூப்பிட்டுச் செய்தி தள்ளலாம். சாட், நேரடி ஸ்கோர், இரண்டு பேர் ஆடும் விளையாட்டு எல்லாம் முடியும். அடியில் ஓடியது கூகுள் டாக் சாட்டின் வேலைப்பாடு. அடுத்தது 'ஆல்வேஸ் ஆன்': மாதம் 9 டாலர் கட்டினால் செயலியின் மூன்று இன்ஸ்டன்ஸ்கள் (ஓடும் பிரதிகள்) எப்போதும் விழித்திருக்கும்; ஆள் வராத நேரத்தில் செயலி தூங்கிப்போய், அடுத்து வருகிறவர் அது எழுந்து வரும்வரை காத்திருக்கும் தொல்லை போகும். இவை இரண்டும் மேலே. கீழே சில வரிகள். டாஸ்க் கியூவிலும் கிரானிலும் ஓடும் பின்னணி வேலைகளுக்கு 30 நொடியாக இருந்த கெடு 10 நிமிடமாயிற்று. வெளித் தளங்களிலிருந்து தரவு எடுக்கும் யூஆர்எல் ஃபெட்ச்சுக்கு 1 எம்பி என்றிருந்த வரம்பு 32 எம்பி ஆயிற்று.

இன்று கணக்கு எடுத்துப் பாருங்கள். சேனல் ஏபிஐ 2017 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டது. ஆல்வேஸ் ஆன், 2011 நவம்பரில் புது விலைமுறை வந்ததோடு போய்விட்டது. 10 நிமிடக் கெடு இருக்கிறது. 32 எம்பி இருக்கிறது. தலைப்பில் இருந்தவை போயின. கீழே இருந்தவை நிற்கின்றன.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு வரம்பைத் தளர்த்த, தளத்தின் உள்ளே எங்கோ ஒரு பலம் கூடியிருக்க வேண்டும். பலம் கூடியபின் அதைத் திரும்பக் குறைப்பது கடினம். ஏனென்றால் அதற்குள் எல்லாச் செயலிகளும் அதன் மேல் சாய்ந்திருக்கும், குறைத்தால் எல்லோரும் ஒரே நாளில் கத்துவார்கள். தனி வசதியின் கதை வேறு. அதற்குத் தனிக் குழு, தனிச் சர்வர், தனிப் பராமரிப்பு. பயன்படுத்துவோர் தொகை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றால் இரண்டு மூன்று பட்ஜெட் கூட்டத்தில் அதன் தலைவிதி தெரிந்துவிடும். கத்துகிறவர்களும் சிலரே. கூகுள் இப்படி மூடிய பொருள்களைப் பட்டியல் போட ஆரம்பித்தால் இந்த மடலில் இடம் போதாது, விட்டுவிடுகிறேன்.

சேனலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பிறந்து ஓராண்டில், 2011 டிசம்பரில், வெப்சாக்கெட் எல்லோருக்கும் பொதுவான தரமாக அறிவிக்கப்பட்டது. சர்வர் பிரவுசரைக் கூப்பிடுவது எந்தத் தளத்திலும் எந்த மொழியிலும் ஒரே மாதிரி செய்யக்கூடிய காரியமாயிற்று. உலகம் முழுக்க இன்னும் ஒரு வழி பிறக்காத இடத்தில் ஒரு தளம் தன் சொந்த வழியைப் போட்டுக்கொடுத்தால், பொது வழி வந்த அன்றே சொந்த வழிக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், ஆப் எஞ்சினின் ஸ்டாண்டர்டு பிரிவில் இன்றுவரை வெப்சாக்கெட் கிடையாது. ஃப்ளெக்ஸிபிள் பிரிவிலும், கூகுளின் இன்னொரு சேவையான கிளவுட் ரன்னிலும் உண்டு. சேனலை நம்பி எழுதியவர்களுக்குக் காட்டப்பட்ட வழி ஃபயர்பேஸ். அதுவும் கூகுளின் சொந்தப் பொருள்தான்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். டாஸ்க் கியூ 2009-இல் புது வசதியாகத்தான் வந்தது. இந்தத் தளத்துக்கே உரியதாகத்தான் இருந்தது. அது சாகவில்லை. உள்ளே பழைய வடிவிலும் வெளியே கிளவுட் டாஸ்க்ஸ் என்ற பெயரிலும் வாழ்கிறது. டேட்டாஸ்டோரும் அப்படியே, அடியில் எல்லாவற்றையும் மாற்றி ஃபயர்ஸ்டோராக ஆக்கினார்கள், மேலே இருந்த செயலிகள் கோட் மாறாமல் ஓடின. ஆகவே இது இரும்பு விதி அல்ல. வேலையை வரிசையில் போட்டுப் பிறகு செய்வது, தரவைச் சேர்த்துவைப்பது இவையெல்லாம் எந்தச் செயலிக்கும் வேண்டியவை. அப்படிப்பட்ட அடிப்படைத் தேவையைத் தீர்க்கும் வசதிக்கு ஆயுள் கெட்டி. டெமோவில் கைதட்டல் வாங்கவென்றே செய்தது போலத் தோன்றும் வசதிக்கு ஆயுள் குறைவு. ஒன்றைப் பார்த்தவுடன் இரண்டில் எது என்று சொல்லும் கண் அனுபவத்தில்தான் வரும்.

அப்டேட் என்றால் வசதி மட்டும் அல்ல, பில்லும்தான். 2011 மே மாதம் ஆப் எஞ்சின் தன் விலைமுறையை மாற்றப்போவதாக அறிவித்து, நவம்பர் 7 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதுவரை சிபியு எத்தனை மணி நேரம் உழைத்தது என்று பார்த்துக் காசு. புது முறையில் இன்ஸ்டன்ஸ் எத்தனை மணி நேரம் இருந்தது என்று பார்த்துக் காசு. ஓடிய கிலோமீட்டருக்குக் காசு வாங்கிய ஆட்டோ, திடீரென்று வெயிட்டிங்குக்கும் சேர்த்து மீட்டர் போட்டால் எப்படி இருக்கும்? அதேதான். இதில் அதிகம் அடிபட்டவர்கள் பைத்தான்காரர்கள். அன்றைய பைத்தான் 2.5 ரன்டைமில் ஓர் இன்ஸ்டன்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்ட்டைத்தான் கவனிக்கும். அந்த ரிக்வெஸ்ட் வேறொரு தளத்தின் பதிலுக்காக இரண்டு நொடி சும்மா காத்திருந்தாலும் இன்ஸ்டன்ஸ் நகராது; அடுத்து வருகிறவருக்கு இன்னொரு இன்ஸ்டன்ஸ் கிளம்பும். பழைய கணக்கில் காத்திருக்கும் நேரத்துக்குச் செலவே இல்லை. புதுக் கணக்கில் அதற்கும் முழுச் செலவு. ஜாவாக்காரர்களால் ஒரே இன்ஸ்டன்ஸில் பல ரிக்வெஸ்ட்டுகளைச் சேர்ந்தாற்போல் ஓட்ட முடிந்ததால் அவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

பைத்தானுக்கும் அந்த வழியைத் திறந்தது 2.7 ரன்டைம். ஆப் டாட் யாமல் கோப்பில் 'த்ரெட்சேஃப்: ட்ரூ' என்று ஒரு வரி. அந்த வரியைப் போட்டவர் பில் குறைந்தது. ஆனால் சும்மா போட்டுவிட முடியாது. உங்கள் கோடில் எல்லோரும் பகிரும் குளோபல் மாறிகளில் ரிக்வெஸ்ட்டுக்கு ரிக்வெஸ்ட் எதையாவது எழுதிவைத்திருந்தால் ஒருவர் தரவு இன்னொருவர் திரையில் தெரியும். எல்லாவற்றையும் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். 2.7 வந்த அறிவிப்பில் இந்த ஒற்றை வரி எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

விலை விஷயத்தில் டெவலப்பர்கள் போட்ட கூச்சலுக்குப் பலனும் இருந்தது. கொஞ்ச காலத்துக்கு இன்ஸ்டன்ஸ் நேரத்தைப் பாதி விலையில் தந்தார்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று அறிவித்த இலவச இன்ஸ்டன்ஸ் நேரத்தை 28 ஆக்கினார்கள். ஒரு நாளுக்கு 24 மணிதானே, 28 எதற்கு என்று தோன்றும். கூட்டம் வந்தால் சில நிமிடம் இரண்டாவது இன்ஸ்டன்ஸ் எழுந்து மறுபடி படுக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒருவரும் பில் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அந்த நாலு மணி நேரம். அந்த 28 இன்றும் இருக்கிறது.

எல்லா வரம்பும் நமக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நம்மைக் காத்த வரம்பும் ஒன்று இருந்தது. ஆப் எஞ்சினில் ஒரு நாளைக்கு இத்தனை டாலருக்கு மேல் செலவாகக் கூடாது என்று கட்டிவைக்க முடியும். தொகை தாண்டினால் செயலி நின்றுவிடும். நின்றாலும் பரவாயில்லை, பில் வராது. சின்ன நிறுவனத்துக்கு அதைவிட நிம்மதி வேறு கிடையாது. 2019 இறுதியில் அதை வழக்கொழிந்த வசதி என்று அறிவித்தார்கள். 2021-இல் வைத்திருந்தவர்களுக்கும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் என்று சொல்லப்படும் பட்ஜெட் அலர்ட் உங்களுக்கு மெயில் அனுப்பும், அவ்வளவே. செலவை நிறுத்தாது. இது தெரியாமல், அலர்ட் போட்டிருக்கிறோமே என்று தூங்குபவர்கள் நிறைய. இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டும் வரி யாமல் கோப்பில் இருக்கிறது. தயவுசெய்து அதையாவது போட்டுவையுங்கள்.

இலவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெரோகு என்ற கிளவுட் தளம் 2022 ஆகஸ்ட் 25 அன்று இலவசத் திட்டங்களை நிறுத்தப்போவதாகச் சொல்லி, நவம்பர் 28 முதல் நிறுத்தியது. மூன்று மாத அவகாசம். உலகம் முழுக்கக் கடைசி ஆண்டு புராஜெக்ட்டை அங்கே ஏற்றிவைத்து, அந்தச் சுட்டியை ரெஸ்யூமில் போட்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுட்டிகள் செத்தன. தள்ளுபடியாகவும் தானமாகவும் வருவது வரம்புத் தளர்வு அல்ல, விளம்பரச் செலவு. அது எந்த ஆண்டும் நின்றுபோகலாம்.

2018-இல் ஆப் எஞ்சினுக்கு வந்ததுதான் இதுவரை வந்த அப்டேட்டுகளிலேயே பெரியது. இரண்டாம் தலைமுறை ரன்டைம் என்று பெயர். அந்த ஆண்டு நோட் ஜேஎஸ் வந்தது, ஆகஸ்ட்டில் பைத்தான் 3.7 வந்தது. செயலிகளை ஒன்றையொன்று தொடாமல் பிரித்துவைக்கும் வேலையை ஜிவைசர் என்ற சாண்ட்பாக்ஸ் எடுத்துக்கொண்டதால், பத்தாண்டாக இருந்த கட்டுகள் பல ஒரே வீச்சில் அறுந்தன. சி-யில் எழுதிய லைப்ரரிகள் ஓடின. தளம் பொறுக்கிக்கொடுத்த பழைய பதிப்பு நம்பை என்ற நிலை மாறி, ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் எழுதியது எல்லாம் வந்து இறங்கியது. டெம்ப் கோப்புறையில் எழுதலாம். 60 நொடிக்குள் முடிக்க வேண்டியிருந்த சாதாரண ரிக்வெஸ்ட்டுக்கும் 10 நிமிடம். வரம்புத் தளர்வு என்றால் இது தளர்வு.

ஆனால் அதே அறிவிப்பின் மறுபாதியில், மெம்கேஷ், யூசர்ஸ், டாஸ்க் கியூ என்று தளத்தோடு ஒட்டிப் பிறந்த சேவைகள் எதுவும் புது ரன்டைமில் இல்லை என்று இருந்தது. காசில்லாமல் கிடைத்த மெம்கேஷுக்குப் பதில் மெமரிஸ்டோர். அது பயன்படுத்தினாலும் சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் காசு. பைத்தான் 2 மொழியோ 2020 ஜனவரி 1-ஓடு முடிவதாக இருந்தது. அவசரப்பட்டவர்கள் 2019-லும் 2020-லும் எல்லாவற்றையும் பிரித்துத் திருப்பி எழுதினார்கள். 2021 இலையுதிர் காலத்தில் கூகுள் மனம் மாறி, அந்தப் பழைய சேவைகளைப் பைத்தான் 3-க்கும் திறந்துவிட்டது. முந்திக்கொண்டவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள்! இதை வைத்து, மாற்றாமல் சும்மா இருந்தவன் சமர்த்தன் என்று சொல்ல வரவில்லை. இரண்டு தரப்பிலும் சுலபமாகத் தப்பியவர்கள், மெம்கேஷை அழைக்கும் வரிகளை நாற்பது கோப்புகளில் தூவாமல் 'சேமிப்பு' என்று ஒரே ஒரு கோப்பில் வைத்திருந்தவர்கள். அந்தக் கோப்பின் உள்ளே மெம்கேஷ் இருந்தாலென்ன, ரெடிஸ் இருந்தாலென்ன, வெளியே இருக்கும் கோடுக்குக் கவலையில்லை. புது வசதி பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதன் பெயர் உங்கள் கோடில் ஒரே ஒரு கோப்பில் மட்டும் தென்படட்டும். வேறெங்கும் இம்போர்ட் செய்யக் கூடாது என்று கோட் ரிவ்யூவில் கறாராக இருங்கள்.

வசதி மட்டுமல்ல, தளமே மூடப்படுவதும் உண்டு. பார்ஸ் என்ற தளத்தை இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கி, 2016 ஜனவரியில் மூடப்போவதாகச் சொல்லி, ஓராண்டு அவகாசம் தந்து 2017 ஜனவரியில் மூடியது. போகும்போது சர்வர் கோடை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டுவிட்டுப் போனார்கள். அதனால் பலர் அதையே தங்கள் சொந்த சர்வரில் ஏற்றிப் பிழைத்தார்கள். மூடுவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

நம் பக்கத்தவர்கள் குறிப்பாகத் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் கூகுள் மும்பையில் தன் கிளவுட் மண்டலத்தைத் திறந்தது. சென்னையிலிருந்து பார்த்தால் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். அதற்கு முன்பு பலரின் செயலிகள் அமெரிக்காவின் அயோவாவில் கிடந்தன. ஒரு கேள்வி கடல் கடந்து போய்ப் பதில் திரும்பி வரவே ஏறக்குறைய கால் நொடி. ஒரு பக்கம் திறக்க அப்படி ஐந்தாறு தடவை போய்வந்தால் பயனர் கண்ணுக்கே தாமதம் தெரியும். மும்பை வந்தது நல்ல சேதிதான். ஆனால் ஆப் எஞ்சினில் ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு செயலி, அதற்கு ஒரு மண்டலம். முதல் நாள் தேர்ந்தெடுத்ததை அப்புறம் மாற்றவே முடியாது. பழைய செயலியை மும்பைக்குக் கொண்டுவர, புது புராஜெக்ட் திறந்து, தரவை ஏற்றுமதி செய்து இறக்கி, டொமைனைத் திருப்பிவிட வேண்டும். ஆகவே புது மண்டலம் என்ற அப்டேட், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அப்டேட். இன்று ஒரு வாடிக்கையாளருக்குப் புது புராஜெக்ட் திறக்கும்போது, மண்டலத்தைப் பார்க்காமல் ஓகே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு கிளிக்கைப் பின்னால் திருத்த வழி கிடையாது.

ஆக, அடுத்த அறிவிப்பு வரும்போது என்ன செய்யலாம்? கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். எது நிற்கிறது, எந்தத் தேதியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தேதியை ஆபீஸ் காலண்டரில் ஆறு மாதம் முன்னதாகவே குறியுங்கள். உங்கள் சொந்தக் காலண்டரில் அல்ல, நீங்கள் வேலை மாறிப் போனாலும் மற்றவர் கண்ணில் படுகிற இடத்தில். அப்புறம் எந்த வரம்பு கூடியது என்று பாருங்கள். கூடியிருந்தால், அந்த வரம்பைச் சுற்றி வருவதற்காக நீங்கள் எழுதிய கோட் எங்கே இருக்கிறது என்று தேடி அழித்துவிடுங்கள். ஒருவரும் இதைச் செய்வதில்லை. 30 நொடிக் கெடுவுக்காகத் துண்டுதுண்டாக வெட்டிய வேலை, கெடு 10 நிமிடமான பிறகும் பல ஆண்டு துண்டுதுண்டாகவே ஓடும். ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்தவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இவ்வளவும் ஆன பிறகு தலைப்பில் இருக்கும் புது வசதிக்கு வாருங்கள். வாட்ஸ்ஆப்பில் கேட்ட மேனேஜருக்கு, "இது நின்றுபோனால் இதன் இடத்தில் வேறு எதை வைப்போம்?" என்ற கேள்விக்குப் பதிலோடு சேர்த்து மறுமொழி எழுதுங்கள். பதில் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. பைத்தான் 2.7, ஜாவா 8, பிஎச்பி 5.5 முதலிய முதல் தலைமுறை ரன்டைம்களுக்கு ஆதரவு 2024 ஜனவரி இறுதியோடு முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் பழைய செயலிகள் சட்டென்று நின்றுவிடவில்லை. அதனாலேயே பல இடங்களில் எவருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கன்சோலில் ஆப் எஞ்சின் பக்கத்தில் பதிப்புகளின் பட்டியலைத் திறந்து, ரன்டைம் என்ற பத்தியைப் பாருங்கள். பழையது ஏதாவது கண்ணில் பட்டால், அந்த புராஜெக்ட்டின் ஓனர் யார் என்றும் பாருங்கள். நிறுத்தப்போகிறோம் என்று தளம் அனுப்பும் மெயில்கள் அந்த முகவரிக்குத்தான் போகும். சின்ன நிறுவனங்களில் அது, நாலு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரியாக இருப்பது சகஜம். இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேரை ஓனராகச் சேர்த்துவிட்டு, பில் கட்டும் கார்டு யாருடையது என்பதையும் அப்படியே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பொடி எழுத்து படித்துப் பிழைக்கும் ஒரு டெவலப்பர்